2025 ஆண்டறிக்கை: செயலாளர் அறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல், சித்திரைத் திருநாள், தீபாவளி மூன்றும் வழக்கம்போல நன்றாக நடந்தன, தமிழ் வகுப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை, வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். எனக்குக் கொடுத்த நேரத்தில், இங்கே அயர்லாந்தில் பெண்கள் மட்டையும் பந்தும் வைத்து ஆடும் கமோகியைப் பற்றித்தான் பேசப் போகிறேன், ஏனென்றால் இந்த வருடம் நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் அதில் இறங்கிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 10 யாருக்கும் மறந்திருக்காது. டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் நடந்த அகில அயர்லாந்து கமோகி இறுதிப் போட்டியை ஹாலில் திரை கட்டிப் பார்த்தோம். கால்வே பெண்கள் கார்க்கை ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள், கால்வே கோப்பையை வென்றது 1996-இல் முதல் முறை, இப்போது ஐந்தாவது முறை. பாயசம் ஆறிப் போனது, யாரும் தொடவில்லை. அப்புறம் ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "கால்வேயும் கார்க்கும் சேர்ந்து ஆடவே மாட்டாங்களா?"

அந்தக் கேள்விக்காகவே செப்டம்பர் கூட்டத்தில் கேல் லின் கோப்பையைப் பற்றிப் பேசினோம். 1956-இல் தொடங்கிய மாகாணப் போட்டி அது. இங்கே கவுன்ட்டிகள், அதாவது நம் மாவட்டம் மாதிரி, 32, மாகாணங்கள் நான்குதான். வருடம் முழுக்க ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ளும் கில்கென்னியும் வெக்ஸ்ஃபோர்டும் டப்ளினும் அதில் லென்ஸ்டர் என்று ஒரே சட்டை போட வேண்டும், கார்க்கும் டிப்பரரியும் மன்ஸ்டர். கால்வேயும் கார்க்கும் சேர முடியாது, கால்வே இருப்பது நம் கோனாக்ட் மாகாணத்தில். ஆனால் இதே கோனாக்டின் ரோஸ்காமனிலோ மேயோவிலோ ஆடும் ஒரு பெண், தன் கவுன்ட்டி குரோக் பார்க் பக்கமே போகாவிட்டாலும், கால்வே வீராங்கனைகளுக்குப் பக்கத்தில் நின்று ஆடலாம். அல்ஸ்டரின் ஒன்பது கவுன்ட்டிகளில் ஆறு வட அயர்லாந்தில் இருக்கின்றன, மூன்று இந்தப் பக்கம், அரசு வேறு, நாணயம் வேறு, ஆனால் அணி ஒன்று. எனக்கு இந்தப் போட்டியில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

இன்னொன்று நமக்கே உரியது. கேல் லின் ஒரு விளையாட்டு அமைப்பே இல்லை, ஐரிஷ் மொழியை வளர்க்க 1953-இல் தொடங்கியது. கமோகி என்ற பெயரும் மொழிக்காரர்கள் கொடுத்ததுதான்: ஆண்கள் ஆடும் மட்டைக்கு ஐரிஷில் கமான், பெண்களுக்கான சிறிய மட்டைக்குக் கமோக், அதிலிருந்து 1904 வாக்கில் கமோகி. "தமிழ்ச் சங்கப் பணத்தில் மட்டை எதற்கு?" என்று செயற்குழுவில் கேட்டவர்களுக்கு என் பதில் இதுவே. மொழிக்காக இருக்கும் ஒரு சங்கம் பெண்கள் விளையாட்டுக்குக் கோப்பை கொடுத்த ஊரில் நாம் இருக்கிறோம், நாம் பத்து மட்டை வாங்கினால் தப்பில்லை.

மட்டை விஷயத்தில் தவறு நடந்தது, என் பொறுப்பு. இணையத்தில் ஆர்டர் செய்தபோது வயதை வைத்து அளவைக் குறித்துவிட்டேன். ஹர்லி என்கிற இந்த மட்டையைத் தரையில் ஊன்றினால் இடுப்பெலும்பு வரை வர வேண்டும், எங்கள் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு அது விலா வரை வந்தது. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுத்துவிட்டு, உள்ளூர் கிளப் தந்த பழைய மட்டைகளில் சின்னவர்கள் ஆடினார்கள். மட்டை செய்யும் ஆஷ் மரத்துக்கு 2012-இலிருந்து இங்கே பூஞ்சை நோய் பரவியிருக்கிறது, நல்ல மட்டை மலிவாகக் கிடைப்பதில்லை, அதனால் லேசாக விரிசல் விட்டதைக்கூடத் தூக்கிப் போடாமல் டேப் சுற்றுகிறோம். ஒரு பிள்ளை தன் மட்டைக்குப் பச்சை டேப் சுற்றி அதன் மேல் "அ" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

மே 22 அன்று கமோகி சங்கத்தின் சிறப்பு மாநாடு ஸ்கார்ட் (முன்னால் பாவாடை மாதிரி தெரியும் ஷார்ட்ஸ்) கட்டாயத்தை எடுத்துவிட்டது, வேண்டுமானால் சாதாரண ஷார்ட்ஸ் போடலாம். ஸ்கார்ட் பிடிக்காமல் ஒதுங்கியிருந்த இரண்டு பிள்ளைகள் அடுத்த வாரமே மைதானத்துக்கு வந்தார்கள்.

பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டியது ஒன்றுதான்: 2026 சந்தாவில் ஒரு பங்கு ஹெல்மெட்டுக்கு. ஹெல்மெட் இல்லாமல் களத்தில் விட மாட்டார்கள், இப்போது ஆறு பிள்ளைகள் மூன்றை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். சின்னதாகிப்போன ஷூ, ஹர்லி வீட்டில் இருந்தால் ஹால் அலமாரியில் வைத்துவிடுங்கள், சாவி என்னிடம் இருக்கிறது.

நன்றி,
செயலாளர்