முடிவுப் பாட்டை முழுசாக ஓடவிடுங்கள்

இந்தியாவில் அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைக் காட்டும் ஓடிடி நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மாதச் சந்தா கட்டி உங்கள் தளங்களில் அனிமே பார்க்கிறவர்களில் நானும் ஒருவன். தொடர்கள் குறைவு, விலை அதிகம் என்றெல்லாம் புலம்ப வரவில்லை. தமிழ் டப்பிங்கே வந்துவிட்டது, அதற்கு நன்றி. நான் எழுதுவது ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி ஒன்றரை நிமிடத்தைப் பற்றி.

காட்சி முடிகிறது, பாட்டு ஆரம்பிக்கிறது. உடனே படம் சுருங்கி ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. 'அடுத்த அத்தியாயம்' என்று ஒரு பொத்தான் வந்து ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணத் தொடங்குகிறது. சோபா இடுக்கிலிருந்து ரிமோட்டைத் துழாவி எடுப்பதற்குள் அடுத்த கதை ஓட ஆரம்பித்திருக்கும். மற்ற தொடர்களில் அந்த இடத்தில் பெயர்ப் பட்டியல்தான் ஓடும், வெட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. அந்த வழக்கத்தை அப்படியே அனிமேக்கும் போட்டுவிட்டீர்கள். இங்கே அந்தப் பாட்டும் கதையில் சேர்த்திதான்.

'அனோஹானா' உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? 2011-இல் வந்த தொடர், 11 அத்தியாயம்தான். ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் மலை சூழ்ந்த சிச்சிபு நகரில் நடக்கும் கதை. சின்ன வயதில் இறந்துபோன மென்மா என்ற சிறுமி, சிதறிப்போன பழைய நண்பர் கூட்டத்தில் ஒருவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். அவள் ஆசையை நிறைவேற்ற, அந்த ஊர்த் திருவிழாவில் விடும் கையால் செய்த ராக்கெட் வாணம் ஒன்றைத் தயாரிக்கிறார்கள். இதன் முடிவுப் பாட்டு 'சீக்ரெட் பேஸ்'. ஸோன் என்ற பெண்கள் இசைக்குழு 2001 ஆகஸ்டில் வெளியிட்ட பாட்டு அது. கோடை முடிகிறது, வானில் வாணம் பூக்கிறது, பிரிகிற இருவர் பத்து வருடம் கழித்து ஆகஸ்டில் மறுபடி சந்திப்போம் என்று நம்புகிறார்கள். சரியாகப் பத்து வருடம் கழித்து அதே பாட்டை எடுத்து, தொடரில் மூன்று பெண் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த காயானோ ஆய், தோமாத்ஸு ஹாருகா, ஹாயாமி சாவோரி ஆகிய மூவரையே பாட வைத்தார்கள். அதாவது, இறந்துபோன மென்மாவின் குரலும் அதில் பாடுகிறது.

இன்னொன்று கவனியுங்கள். பெரும்பாலும் அந்தப் பாட்டு, பெயர்ப் பட்டியல் வரும்வரை காத்திருப்பதில்லை. கடைசிக் காட்சியில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போதே அடியில் மெல்ல இசை தொடங்கிவிடும். பேச்சு முடிகிற இடத்தில், அழுகை தொண்டை வரைக்கும் வந்து நிற்கிற நேரத்தில், குரல்கள் எழும்பும், திரையில் பூக்கள் விழும். அழ வைப்பதற்கென்றே இழை இழையாகக் கோத்த வேலை. அந்தத் தருணத்தில்தான் உங்கள் பொத்தான் வந்து நிற்கிறது.

'மடோகா மாஜிகா'வில் நடப்பது இதைவிட வேடிக்கை. அதுவும் 2011-தான். கிளாரிஸ் என்ற இசைக்குழு பாடிய 'கனெக்ட்' அதன் தொடக்கப் பாட்டு. இளஞ்சிவப்பு முடிக் கதாநாயகி ஓடுகிறாள், சிரிக்கிறாள், இது அவள் பாட்டு என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறோம். பத்தாவது அத்தியாயத்தில் அந்தப் பாட்டைத் தொடக்கத்தில் போடாமல் முடிவில் வைத்தார்கள். அங்கே கேட்கும்போதுதான், கொடுத்த வாக்கை மறக்க மாட்டேன் என்று இத்தனை வாரமாகப் பாடிக்கொண்டிருந்தது யார் என்பது உறைக்கிறது. (யார் என்று சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் திட்டுவார்கள்.) உங்கள் தளத்தில் என்ன ஆகிறது? ஒன்பது அத்தியாயமாக 'அறிமுகத்தைத் தவிர்' பொத்தானை அமுக்கியே பழகியவருக்கு அந்தப் பாட்டு பரிச்சயமே இல்லை. பத்தாவதில் அது முடிவில் வரும்போது நீங்களே வெட்டிவிடுகிறீர்கள். இயக்குநர் போட்ட முடிச்சு அவிழவே இல்லை.

'கவ்பாய் பீபாப்' தொடரின் கடைசி அத்தியாயமும் அப்படித்தான். வழக்கமான முடிவுப் பாட்டை எடுத்துவிட்டு, யோகோ கன்னோ இசையில் யமானே மாய் பாடிய 'ப்ளூ'வை வைத்தார்கள். கேமரா வானத்தை நோக்கி மேலே போகிறது. எல்லாம் முடிந்தபின், வாராவாரம் விடைபெறும் வரி வருகிற இடத்தில், அந்தச் சுமையை நீ சுமக்கத்தான் போகிறாய் என்று வேறொரு வரி வருகிறது. 26 அத்தியாயத்துக்கும் சேர்த்து அதுதான் கடைசி வார்த்தை. அதைப் படிக்கவிடாமல் வேறு ஏதோ தொடரின் முன்னோட்டம் ஓடினால் எப்படி இருக்கும்? 'செயின்சா மேன்' தயாரித்தவர்கள் 12 அத்தியாயத்துக்கும் 12 வெவ்வேறு முடிவுப் பாட்டு போட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அப்புறம் வரிகள். தமிழ் டப்பிங்கில் பேச்செல்லாம் தமிழில் கேட்கிறது, பாட்டு வந்ததும் ஜப்பானிய மொழி, திரையின் அடியில் ஒன்றும் இல்லை. 'டீமன் ஸ்லேயர்' முதல் சீசனின் 19-வது அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சண்டையின் உச்சத்தில் தொடங்கி, பெயர்ப் பட்டியல் ஓடும்போதும் தொடர்கிற பாட்டு, கோ ஷீனா இசையில் நாகாகாவா நாமி பாடியது. எத்தனை இழந்தாலும் வாழ்ந்துதான் ஆகவேண்டும் என்று அதில் ஒரு வரி. சில அத்தியாயங்களுக்கு முன், கட்டிக்கொள்ள இருந்த பெண்ணை அரக்கனுக்குப் பறிகொடுத்த ஒருவனிடம் கதாநாயகன் தஞ்சிரோ சொன்ன அதே வார்த்தை. அன்று இன்னொருவனுக்குச் சொன்ன ஆறுதல் இன்று தஞ்சிரோவுக்கே திரும்பி வருகிறது. வரி புரியாதவருக்கு அது நல்ல மெட்டு, அவ்வளவுதான். பாட்டு வரியை மொழிபெயர்க்கப் பாடலாசிரியர் தரப்பிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும், செலவு ஆகும், தெரியும். டப்பிங்குக்கு இவ்வளவு செலவு செய்கிற நீங்கள் இதையும் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கலாம்.

இதெல்லாம் நாலு பேருடைய ஆசை என்று நினைத்தால், 2019-ஐ நினைத்துப் பாருங்கள். இயக்குநர் மகோதோ ஷிங்காயின் அனிமே படம் 'வெதரிங் வித் யூ' இந்தியாவுக்கு வரவேண்டும் என்று ரசிகர்கள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அக்டோபரிலேயே படம் இங்கே தியேட்டருக்கு வந்தது. கேட்டால் கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட கூட்டம் இது.

தானாக ஓடுவதை நிறுத்தும் வசதி அமைப்புகளில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கணக்குப் பக்கத்துக்குள் நுழைந்து தேடினால். அதை நிறுத்தினாலும் படம் சுருங்குவது நிற்கவில்லை. அனிமே என்று நீங்களே தனிப் பிரிவு வைத்திருக்கிறீர்கள், அந்தப் பிரிவுக்கு மட்டும் முடிவுப் பாட்டு முழுத் திரையில் ஓடட்டும். வேண்டாதவர் பொத்தானை அமுக்கிக்கொள்ளட்டும், வேண்டுகிறவர் ஏன் ரிமோட்டைத் தேட வேண்டும்?

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாது என்றால், கடைசி அத்தியாயங்களிலிருந்தாவது ஆரம்பியுங்கள். பெயர்ப் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்று குறிக்கும் வேலையை, தொடரை முழுசாகப் பார்த்த ஒருவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
சந்தாவைத் தவறாமல் கட்டிவரும் ஒரு பார்வையாளன்