அவளுடைய போனை அவளிடமே கொடுத்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மனைவி எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள் என்று எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் பாசம் என்று உன்னைப் போலவே நினைக்கிற பலர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பெயர் போடாமல் பொதுவில் எழுதுகிறேன்.

"பாசத்தில்தான்கா கேட்கிறேன்" என்றாய். பாசம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அன்றைக்கு உன் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நீ வீடியோ கால் போட்டாய். பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு முதல் ரிங்கிலேயே எடுத்தாள். நீ கேட்பதற்கு முன்னாலேயே போனைத் திருப்பி அறை முழுக்கக் காட்டினாள், யார் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். அந்தப் பழக்கம் பாசத்தால் வருவதில்லை தம்பி. எடுக்கத் தாமதமானால் ராத்திரி என்ன நடக்கும் என்று தெரிந்தவளுக்கு வருவது. அவள் என்னிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு அவளைப் போய்க் குடையாதே.

கை நீட்டியதே இல்லை என்கிறாய். சரி. ஆனால் அவள் போனின் பாஸ்வேர்டு உன்னிடம், சம்பளம் வரும் ஏடிஎம் கார்டு உன்னிடம், லொகேஷன் எப்போதும் ஆனில். எந்தத் தோழியோடு பேசலாம் என்பதும் உன் முடிவு. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. மனத்தை நோகடிப்பதையும் பணத்தைக் கைக்கெட்டாமல் வைப்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. தாலி கட்டாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் அது பொருந்தும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படித் துணையைத் தொடர்ந்து கட்டுப்படுத்துவதை 2015இல் தனிக் குற்றமாகவே ஆக்கினார்கள். 5 ஆண்டு வரை சிறை.

மனைவி கணவனுக்குச் சொந்தம் என்கிற இந்த எண்ணம் உன்னிடம் மட்டும் முளைத்ததில்லை என்பதும் தெரியும். 1860இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை எடுத்துக்கொள். இன்னொருவன் மனைவியோடு உறவு வைத்தால் குற்றம், ஆனால் அவள் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமில்லை! அவளுடைய சம்மதம் அங்கே கணக்கிலேயே இல்லை. 2018 செப்டம்பர் 27 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. கணவன் மனைவியின் எஜமானன் அல்ல என்று தீர்ப்பில் எழுதியது. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் சட்டமே அப்படி நினைத்திருக்கும்போது, அது வீட்டுக்குள் இருந்து அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் உன் வீட்டில் அதை முடித்துவைக்க உன்னால் முடியும்.

கார்டை இன்றைக்கே அவள் கையில் கொடு. பாஸ்வேர்டை மாற்றச் சொல், புதியது என்ன என்று கேட்காதே. அப்புறம், அவள் எதற்காவது "முடியாது" என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருந்து பழகு. இதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

ஒருவேளை அவள் பிரிந்துபோக முடிவெடுத்தால் பின்னால் போகாதே, யாரையும் தூது அனுப்பாதே. பெண்கள் இப்படி விலகும் சமயத்தில்தான் மிக மோசமான வன்முறை நடக்கிறது. கோபம் தலைக்கேறினால் எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அக்கா