ஆய்வேட்டில் ஆய்வாளரின் குரல் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையிலும் குடும்பப் பொறுப்புகளிலும் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டு, நடுவயதிலோ பணி ஓய்வுக்குப் பிறகோ மீண்டும் படிக்க வருவோருக்கு இன்று வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகள் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்கு இடமளிக்கின்றன. முதுகலை படிக்க விரும்புவோருக்கு 2002-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை இருக்கின்றன. ஆனால் இப்படிச் சேர்ந்தவர்கள் ஆய்வு நடையில் எழுதப் பழகுவதற்கான ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. ஒரு பகுதிநேர ஆய்வாளர் என்ற முறையில் இதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

மீண்டும் படிக்க வருபவர் வெறுங்கையோடு வருவதில்லை. அலுவலகத்தில் இருந்தவர் கோப்பு எழுதிய நடையோடும், ஆசிரியர் வகுப்பில் விளக்கிய நடையோடும், வழக்கறிஞர் மனு வரைந்த நடையோடும் வருகிறார். நான் வருவாய்த் துறையில் பணியாற்றியவள். 'தெரிவிக்கப்படுகிறது', 'பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று எழுதுவதற்கு அங்கே நியாயம் உண்டு. முடிவு அலுவலகத்தினுடையது, குறிப்பு எழுதிய எழுத்தருடையதன்று. ஆய்வேட்டில் யார் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார் என்பவையே முதற் கேள்விகள். ஆயினும் நூலகத்திலும் சோத்கங்கா இணையக் களஞ்சியத்திலும் உள்ள தமிழ் ஆய்வேடுகள் பலவற்றைப் புரட்டினால் 'ஆராயப்படுகிறது', 'புலனாகிறது', 'அறிய முடிகிறது' என்ற அதே கோப்பு நடைதான் கண்ணில் படுகிறது. புதிதாக வருபவர் அதையே இலக்கணமாக எடுத்துக்கொண்டு, தம்மையும் 'ஆய்வாளர்' என்று படர்க்கையில் குறித்துக்கொண்டு, தம் குரலைத் தாமே மறைத்துவிடுகிறார்.

நான் ஆராயும் கண்மாய்ப் பாசனத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். நீர்பாய்ச்சி என்பவர் கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சும் ஊர்ப் பணியாளர். 'கண்மாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சிகளின் பங்கு முக்கியத்துவம் வாய்ந்ததாகக் காணப்படுகிறது' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைக் கண்டவர் யார், எந்தக் கண்மாயில் கண்டார், எந்த வகையில் முக்கியம் என்பவை அந்த வாக்கியத்தில் இல்லை. 'தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்த வயலுக்கு முதலில் பாய்ச்சுவது என்பதை நீர்பாய்ச்சியே தீர்மானித்தார் என்று கடைமடை விவசாயிகள் கூறுகின்றனர்; தலைமடையில் நிலம் வைத்திருந்தவர்கள் அதை ஊர்க்கூட்டம் தீர்மானித்தது என்கின்றனர்; இரு தரப்பினருமே அவருக்கு நெல் அளந்து கொடுத்திருப்பதால், அவர் ஒரு தரப்பின் ஆளாக மட்டும் இருந்திருக்க முடியாது என்று கருதுகிறேன்' என்று எழுதும்போது, படிப்பவர் என் முடிவை ஏற்கலாம், சான்றைக் காட்டி மறுக்கவும் செய்யலாம். தண்ணீர்த் தகராறு மனுக்களை விசாரித்துப் பழகிய ஒருவருக்கு இரு தரப்பையும் கேட்டு எடைபோடும் திறன் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தாளில் கொண்டுவர, அவர் எழுதியதை உடனிருந்து வாக்கியம் வாக்கியமாகப் படித்துச் சொல்பவர் ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவர் இல்லாத இடத்தில், கருத்துத் திருட்டைத் தடுக்க மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிகளே எழுத்துப் பயிற்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற அச்சத்தில், ஒரு நூலாசிரியர் 'கூறுகிறார்' என்றிருப்பதை 'மொழிகிறார்' என்றும் 'இயம்புகிறார்' என்றும் மாற்றி எழுதுவதே ஆய்வு நடை என்று பலர் நம்பிவிடுகின்றனர். விதி தேவையானதுதான், ஆனால் பிறர் கருத்து எங்கே முடிகிறது, நம் கருத்து எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் பயிற்சி இல்லாமல் விழுக்காட்டை மட்டும் அளப்பதால் பயனில்லை.

இந்தப் பயிற்சிக்கான அடிப்படை தமிழிலேயே உண்டு. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் கூறும் எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு நிலைப்பாடுகளைப் பாருங்கள்: பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின்பு களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபடும்போது ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், பிறர் கருத்தைச் சாராமல் தன் கருத்தைக் கொள்ளுதல். ஆய்வாளர் முந்தைய ஆய்வுகளின் முன்னே எப்படியெல்லாம் நிற்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு எழுதிய உரையில், தமக்கு முந்தைய உரையாசிரியரான இளம்பூரணரை மறுக்குமிடங்களில் சேனாவரையர் தம் காரணத்தை வெளிப்படையாக வைக்கிறார். தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்யும் நம் மாணவர்களிடம், தம் ஆய்வேட்டின் இயல்களில் இவற்றைக் கையாண்டு பார்க்கும்படியும் சொல்லலாமே.

2022-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி ஒவ்வொரு முனைவர் பட்ட மாணவரும் தம் துறை சார்ந்த கற்பித்தல், எழுத்து ஆகியவற்றில் பயிற்சி பெற வேண்டும். அவர்கள் படிக்க வேண்டிய பாடநெறிக்குக் குறைந்தது 12 தகுதிப்புள்ளிகள் (கிரெடிட்) உண்டு. ஆய்வு முறையியலும் ஆய்வு அறமும் அதில் கட்டாயம். எனவே புதிய விதி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு மாணவரும் தாம் எழுதிய இரண்டு பக்கங்களைக் கொண்டுவந்து வாசித்து, மற்றவர்கள் கேள்வி கேட்டுத் திருத்தும் தமிழ் எழுத்துப் பட்டறையை அந்தப் பாடநெறிக்குள்ளேயே நடத்தலாம். பகுதிநேர ஆய்வாளர்களும் கலந்துகொள்ளும் வகையில் அது சனி, ஞாயிறுகளில் அமைய வேண்டும். முதுகலை ஒப்படைப்புகளைத் திருத்துவோர் மதிப்பெண்ணோடு நடையைப் பற்றி நான்கு வரிகள் எழுதித் தந்தால் அதுவும் பேருதவி. மாநிலப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகள் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர்,
சிவகங்கை.