வியாழக்கிழமைப் பெட்டி

அன்புள்ள கோமு,

நீ மூன்று கடிதம் போட்டுவிட்டாய், நான் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. தப்புதான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள், இப்போது கடிதத்தைப் படி. என் முழங்கால் பரவாயில்லை. பெரியவன் வேலை மாறிவிட்டான், சின்னவள் பிடிவாதம் மாறவில்லை. அண்ணாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சரசு சொன்னாள். இனிமேல் உன் சமையல் அவருக்குத் தெளிவாகத் தெரியும், பாவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை ஒன்று நடந்தது. நாலு நாளாக மனதில் புரண்டுகொண்டே இருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றால் அது நீதான், ஏனென்றால் அந்தத் தக்காளிக் காட்டில் நீயும் என்னோடு நின்றவள். ஆனால் அதற்கு முன்னால் பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேள்.

நாலு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரர் ஒரு பண்ணையில் பங்கு சேர்ந்தார். பங்கு என்றதும் பங்குச் சந்தையாக்கும் என்று எனக்குப் பகீரென்றது. அதில்லையாம். பருவம் தொடங்குவதற்கு முன்பே இருபது வாரத்துப் பணத்தைப் பண்ணைக்காரர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். அதில் அவர்கள் விதை, எரு, கூலி எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் வாராவாரம் வியாழக்கிழமை, நிலத்தில் என்ன விளைந்ததோ அதில் நம் பங்கு ஒரு பெட்டியில் வீட்டுக்கு வரும். எனக்கு இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வருவதுதான்.

கையெழுத்துப் போட்டது அவர், கத்தி பிடித்தது நான். இதைத்தான் நான் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் காதில் ஏறவில்லை. பெட்டியைத் திறந்து, 'ஆகா, மண் வாசனையைப் பார்' என்பார். அந்த மண்ணைக் கழுவுவது யார்? முதல் மூன்று வாரமும் கீரை, கீரை, கீரை. ஆய்ந்து, நாலு தண்ணீரில் அலசி, மலை மாதிரி குவித்து வைத்து வதக்கினால் கடைசியில் ஒரு கரண்டி. ஒரு நாள் இலைக்கு அடியில் ஒரு நத்தை. இவர் அதற்குப் பெயர் வைக்கப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் இரண்டு பேரும் கூட்டுக்குள் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் வந்தது சுரைக்காய். ஐந்து வாரம், கோமு! வாரத்துக்கு இரண்டு. செவ்வாய்க்கிழமை மெஸ் ஞாபகம் வருகிறதா? அன்றைக்கு வார்டனம்மா முன்னால் நீ தட்டை நீட்டிக் கேட்ட கேள்வியை நானும் பெட்டியைப் பார்த்துக் கேட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பேசாமல் ஏட்டிலேயே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எதிர் வீட்டம்மாவுக்கு ஒன்று கொடுத்தேன். வெறும் கையோடு இருக்கக்கூடாது என்று மறுநாள் அவரும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். திறந்தால் அதே சுரைக்காய், சமைத்து.

இதில் சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. நீயும் கவனி. நாலாவது வாரத்துக் காய் ஒன்றை நறுக்கும்போது ஒரு சீவலை நாக்கில் வைத்தேன். கடும் கசப்பு. இவர் உடனே, 'கசப்பு உடம்புக்கு நல்லதுதானே, வேகவைத்தால் போய்விடும்' என்றார். போகாது. பாகற்காயின் கசப்பு வேறு, இது வேறு. சுரைக்காய் கசந்தால் அதில் குகர்பிட்டாசின் என்ற நச்சு ஏறியிருக்கிறது என்று அர்த்தம், வேகவைத்தாலும் அது அழியாது. வாந்தி, பேதி, ரத்த அழுத்தம் இறங்குவது, வயிற்றில் ரத்தக் கசிவு வரைக்கும் கொண்டுபோய்விடும். கசந்த சுரைக்காயைச் சாறு பிழிந்து குடித்து உயிரையே விட்டவர்கள் இருக்கிறார்கள். பார்த்தால் தெரியாது, காய் பச்சைப்பசேல் என்று லட்சணமாகத்தான் இருந்தது. அப்படியே குப்பையில் போட்டேன். நீ காலையில் சுரைக்காய்ச் சாறு குடிப்பதாக சரசு சொன்னாள். முதலில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார், கசந்தால் துப்பிவிட்டுத் தூக்கிப் போடு. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

பீட்ரூட் கதையை எழுதினால் இவருக்குப் பிடிக்காது. அதனால்தான் எழுதுகிறேன். ஒரு சனிக்கிழமை கிழங்கைச் சுட்டு, இலையை வதக்கி, மிச்சத்தைத் துருவி என்று வீடு முழுக்க பீட்ரூட். ஞாயிறு காலை குளியலறையிலிருந்து இவர் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. ரத்தமெல்லாம் வேறு வழியாகப் போய்விட்டதாக நினைத்திருக்கிறார். பேசாமல் பீரோவைத் திறந்து காப்பீட்டுக் காகிதங்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். டாக்டரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?' நூறு பேரில் பத்துப் பதினான்கு பேருக்கு பீட்ரூட்டின் சாயம் அப்படியே சிறுநீரில் இறங்குமாம், ஒன்றும் செய்யாதாம். திரும்பி வரும் வழியெல்லாம் இவர் பேசவில்லை. நான்தான் பேசினேன்.

நாளாக ஆக எனக்கும் கை பழகியது. அதை இவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை, முள்ளங்கி, பீட்ரூட் தலையை வெட்டுவது. இலையை அப்படியே விட்டால் அது கிழங்கின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மூன்றாம் நாள் முள்ளங்கி ரப்பர். ஒரு விரற்கடை காம்பு விட்டு வெட்டி, இலையை அன்றைக்கே சமைத்துவிடுவேன். தக்காளியை ஃபிரிட்ஜில் வைப்பதை அடியோடு நிறுத்தினேன். செடியிலேயே பழுத்த தக்காளி, குளிரில் வைத்தால் நிறம் மட்டும் மிஞ்சும், மணம் போய்விடும். வாழைப்பழம் பக்கத்தில் கீரை வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகிறது, பழம் விடும் வாயுவால். இதெல்லாம் நம் பாட்டிகளுக்குத் தெரியாமலா இருந்தது? அவர்கள் வாயு கீயு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஊதா பீன்ஸ் வந்தது ஒரு வாரம். கத்தரிப்பூ நிறத்தில் அவ்வளவு அழகு. நிறம் கெடக்கூடாது என்று அரைவேக்காட்டில் எடுக்கலாம் என்று கொதிநீரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். என் கண்முன்னால் ஊதா கரைந்து, இரண்டு நிமிடத்தில் சாதாரணப் பச்சை பீன்ஸ். தண்ணீர்தான் மங்கலாக நிறம் மாறிக் கிடந்தது. சாப்பாட்டில் இவர், 'ஊதாவை உனக்கு எடுத்து வைத்துக்கொண்டாயா?' என்றார்.

முட்டைக்கோசு ஒரே நேரத்தில் மூன்று வந்தபோது உப்பில் புளிக்க வைத்தேன். கிலோவுக்கு இருபது கிராம் உப்பு, பொடியாக நறுக்கிப் பிசைந்தால் அதுவே தண்ணீர் விடும், அந்தத் தண்ணீருக்குள்ளேயே அமுங்கி இருக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு மூடியை இறுக்கித் திருகிவிட்டேன். புளிக்கும்போது வாயு வரும் என்பதை யோசிக்கவில்லை. நாலாம் நாள் திறந்தேன். உஸ்ஸென்று பொங்கி, சுவர், சேலை, காலண்டர் எல்லாம் முட்டைக்கோசு. மிஞ்சியது நன்றாகவே இருந்தது.

இடையில் ஒருநாள் இது ஏதோ ஏமாற்று வேலை என்றே முடிவு கட்டி, இவரைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தேடிப் படித்தேன். பார்த்தால் இது பழைய சங்கதி. 1970களின் தொடக்கத்திலேயே ஜப்பானில், பூச்சிமருந்துக்குப் பயந்த பெண்கள் விவசாயிகளோடு நேரடியாக ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். தேய்க்கேய் என்று பெயர். கூட்டு என்று பொருள் சொல்லலாம். அடுப்பில் வைக்கும் கூட்டு இல்லை, கைகோக்கும் கூட்டு. 1986இல் அமெரிக்காவில் இரண்டு பண்ணைகள் தொடங்கின, அந்த யோசனை ஐரோப்பாவிலிருந்து போனது. 2001இல் பிரான்சில். எங்கும் அடிப்படை ஒன்றுதான்: விளைந்தால் விளைச்சலில் பங்கு, அழிந்தால் அழிவிலும் பங்கு. அந்த இரண்டாவது பாதியைப் படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போய்விட்டேன். காகிதத்தில் இருக்கும்போது அது லேசாகத்தான் இருக்கிறது.

இப்போது போன வியாழக்கிழமை.

பெட்டி வந்தது. தூக்கும்போதே தெரிந்தது, கனமே இல்லை. உள்ளே கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய உருளைக்கிழங்கு ஒரு படி இருக்கும். நாலு பீட்ரூட். ஒரு பிடி வெங்காயத்தாள், பாதி ஒடிந்தது. பீட்ரூட் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ரவை பாய்ந்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அடியில் ஒரு சீட்டு, பண்ணைக்கார அம்மா கையால் எழுதியது: 'ஆலங்கட்டி மழை. கால் மணி நேரம்தான். தக்காளி, பீன்ஸ், கீரை எல்லாம் போய்விட்டது. மண்ணுக்குள் இருந்தது மட்டும் தப்பித்தது. முள்ளங்கி விதைத்திருக்கிறோம், ஒரு மாதத்தில் வரும். அதுவரைக்கும் இப்படித்தான் இருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்.'

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், உன்னிடம் மறைப்பானேன். கொடுத்த பணத்துக்கு இதுவா என்று இவரிடம் கத்தினேன். கத்திக்கொண்டே சீட்டை இரண்டாம் முறை படித்தேன். அந்த 'மன்னித்துக்கொள்ளுங்கள்' என்பதில் வந்து நின்றுவிட்டது.

இரண்டாம் வருஷ லீவில் நீ எங்கள் ஊருக்கு வந்தாயே, அப்பா தக்காளி போட்டிருந்த வருஷம். மழையும் இல்லை, பூச்சியும் இல்லை, அப்படி ஒரு விளைச்சல். எல்லார் காட்டிலும் அப்படித்தான் விளைந்திருந்தது, அதுதான் வினை. வியாபாரி சொன்ன விலை பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை. அப்பா பறிக்காமல் விட்டார். 'பிள்ளைகளா, எவ்வளவு வேணுமோ தின்னுங்க' என்றார். நீயும் நானும் உப்புப் பொட்டலத்தோடு போய் உதடு எரியும் வரைக்கும் தின்றோம். ஒருவர்மேல் ஒருவர் பிழிந்து அடித்துக்கொண்டோம். அடுத்த நாள் அப்பா மாட்டை அவிழ்த்துக் காட்டுக்குள் விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். மாடு வாய் சிவக்கத் தின்பதைப் பார்த்து நாம் சிரித்தோம், கோமு. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் காட்டை விற்றார். கடன் என்று மட்டும் எனக்குத் தெரியும், அந்தத் தக்காளியில் தொடங்கியது என்பது அம்மா பிற்பாடு சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு ஊரில் ஒரு இருபது வீடு முன்கூட்டியே பணம் கொடுத்து, 'வருவதைக் கொடுங்கள்' என்று சொல்லியிருந்தால் என்று ஒரு நினைப்பு. நடக்காததை நினைத்து என்ன? முன்பணம் கொடுக்க முடிந்தவர்களுக்குத்தான் இந்தப் பெட்டியெல்லாம் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நாளில் நம் வீட்டிலேயே முடிந்திருக்காது. ஆனாலும் நாலு நாளாக அந்த வரப்பும் அப்பாவின் முதுகும் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அவர் அப்போது ஏதாவது சொன்னாரா? நான் மறந்திருக்கலாம். நீ எதையும் மறக்கமாட்டாய்.

அன்றைக்கு அந்த உருளையைத் தோலோடு வேகவைத்தேன். மண்வெட்டி பட்டு வெட்டுப்பட்டவை நாலைந்து இருந்தன, அந்த இடத்தை மட்டும் கீறி எடுத்தேன். உள்ளங்கையால் ஒவ்வொன்றாக நசுக்கி, கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று வரும் வரைக்கும் விட்டேன். மேலே ஒடிந்த வெங்காயத்தாள். வேறொன்றும் இல்லை. இவர் தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. மண் வாசனையைப் பற்றிப் பேசியிருந்தால் கரண்டியால் அடித்திருப்பேன்.

காலிப் பெட்டியை மறுவாரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இத்தனை வாரமும் வெறும் பெட்டியாகத்தான் கொடுத்தேன். இந்த முறை அந்தச் சீட்டின் பின்பக்கத்தில், 'உருளைக்கிழங்கு நன்றாக இருந்தது' என்று எழுதி உள்ளே போட்டிருக்கிறேன். இன்னும் ஏதாவது எழுதலாமா என்று யோசித்தேன், வரவில்லை.

அடுத்த பருவத்துக்கான படிவம் மேசைமேல் இருக்கிறது. இந்தத் தடவை இவர் கையெழுத்துப் போடாமல் பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டார். கீரை ஆய்வது அவர் வேலை என்றால்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். பயிற்சிக்காகக் கடையில் ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. தண்டையெல்லாம் வைத்துக்கொண்டு இலையைக் குப்பையில் போட்டிருந்தார். பார்க்கலாம்.

எப்படியும் அடுத்த மாதம் முழுக்க முள்ளங்கிதான். உன் மாமியார் முள்ளங்கி இலையில் ஒன்று செய்வாரே, நீ டப்பாவில் ஒளித்துக்கொண்டு வருவாயே, அதை எழுதி அனுப்பு. அளவு போட்டு எழுது. 'கண்ணளவு' என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
பச்சைத்தண்ணி