தையல் மெஷினை மூடி வை: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

கழுத்து ஆபரேஷன் முடிந்து, நாளை மறுநாள் உன்னை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். ஒன்றரை வருடமாக வலது கையில் மின்சாரம் போல இறங்கிக்கொண்டிருந்த வலி, மயக்கம் தெளிந்தபோதே இல்லை என்று நீ சொல்லச் சொன்னாயாம். போனை வைத்துவிட்டு அழுதேன். இரண்டு வருடத்துக்கு முன் இதே ஆபரேஷன் ஆனபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த நிம்மதிதான் ஆறாம் நாள் என்னைத் தவறு செய்யவும் வைத்தது. அதனால்தான் நீ வீட்டுப் படி ஏறுவதற்குள் இதை எழுதிவிடத் துடிக்கிறேன். கழுத்தில் பிளேட்டோடு வீடு திரும்பும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று, உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் படிக்க எழுதுகிறேன்.

கை வலி போனது, நரம்பை அழுத்திக்கொண்டிருந்த ஜவ்வை எடுத்துவிட்டதால். எலும்பு இன்னும் சேரவில்லை. கழுத்தில் உள்ள ஏழு எலும்புகளில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருந்த ஜவ்வை எடுத்து, அந்த இடத்தில் சிறிய கூண்டு ஒன்றை வைத்து, முன்பக்கம் டைட்டானியம் பிளேட்டை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். துணி நகராமல் இருக்க முதலில் ஓட்டுத் தையல் போடுவாயே, பிளேட் செய்வது அந்த வேலைதான். இரண்டு எலும்பும் ஒன்றாக வளர்வதுதான் நிஜத் தையல். அதற்கு மூன்று மாதமாவது ஆகும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகிறது.

எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. கொடுத்தனுப்பிய தாளில் 'கனம் தூக்கக் கூடாது' என்று ஒரு வரி இருந்தது. எத்தனை கிலோ என்று இல்லை. ஆறாம் நாள் மதியம் அம்மா கண் அயர்ந்திருந்தாள். கை லேசாக இருந்தது. பிரிட்ஜின் கீழ்த்தட்டிலிருந்து மாவுப் பாத்திரத்தைக் குனிந்து எடுத்தேன். பிடரியிலிருந்து தோள்பட்டை வரை சதை இறுகிப் பிடித்துக்கொண்டது. பிளேட் நகர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். விடியும்வரை கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். மறுநாள் எக்ஸ்ரேயில் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் அந்த இரவை நீ படக் கூடாது. மருத்துவர் அன்று எனக்குச் சொன்ன கணக்கு இரண்டு கிலோ. உனக்கு எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன் கேட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொள்.

அடுத்தது தொண்டை. வீட்டுக்கு வந்த முதல் நாள் உன்னை மிரள வைக்கப்போவது இதுதான். பிரச்சினை பிடரியில் இருக்க, தொண்டைப் பக்கம் ஏன் கிழித்தார்கள் என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஜவ்வு இருப்பது தண்டுவடத்துக்கு முன்னால். பின்னாலிருந்து போனால் தண்டுவடம் குறுக்கே நிற்கும். 1950களில் அமெரிக்காவில் ராபின்சன், ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் முன்பக்கமாகப் போகும் முறையை வகுத்துக் கொடுத்தார்கள். அதில் உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். அவ்வளவு நேரம் ஒதுக்கிப் பிடித்ததில் அவை வீங்கியிருக்கும். அதனால்தான் விழுங்கும்போது ஏதோ உருண்டை நிற்பது போலத் தோன்றுகிறது, குரல் கம்முகிறது. அன்று போனில் நான் பேசியபோது 'யார் பேசுவது?' என்று இரண்டு முறை கேட்டாயே, நினைவிருக்கிறதா? பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. எனக்குக் குரல் திரும்ப ஐந்து வாரம் ஆனது.

முதல் நாள் அம்மா ரசம் சாதத்தை மையக் குழைத்து எடுத்து வந்தாள். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். நாக்கு பின்னால் தள்ளியது, தொண்டை ஏற்கவில்லை. கண்ணில் நீர் கோத்துவிட்டது. அம்மா ஸ்பூனைக் கீழே வைக்காமல், 'மெதுவா' என்று மட்டும் சொல்லி, அடுத்த வாய்க்கு எவ்வளவு நேரமானாலும் காத்திருந்தாள். அந்தக் கிண்ணம் தீர முக்கால் மணி நேரம் ஆனது. இட்லி மெத்தென்று இருக்கிறதே என்று நம்பாதே. சாம்பாரில் முழுக்க ஊறாவிட்டால் நடுத்தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். கஞ்சி, தயிர் சாதம், மசித்த பப்பாளி எல்லாம் சுலபமாக இறங்கும். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் போடு. எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது; எதைப் பொடிக்கலாம் என்று கேட்டுக்கொள். வலி மாத்திரை சில சமயம் மலத்தை இறுக்கிவிடும், அதையும் வெட்கப்படாமல் சொல்லி மருந்து வாங்கு. முக்கக் கூடாது. இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்து எழுவது இப்போது ஆகாது, பிளாஸ்டிக் கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வைக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். அவற்றில் சில எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தலாம் என்று பல மருத்துவர்கள் ஆரம்ப மாதங்களில் விலக்குகிறார்கள். உன் அறையில் மாப்பிள்ளை சிகரெட் பிடிக்கவும் வேண்டாம்.

படுக்கையிலிருந்து எழும் விதத்தை மருத்துவமனையிலேயே பழகிக்கொண்டு வா. மல்லாந்த நிலையிலிருந்து நேராகத் தலையைத் தூக்கவே கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வது போலப் பக்கவாட்டில் திரும்பு. காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டே முழங்கையை ஊன்றி எழு. பல் தேய்த்தால் வாஷ்பேசினில் குனியாதே. கிண்ணத்தை வாயருகே பிடித்துத் துப்பு. பார்க்க வருகிறவர்களின் நாற்காலியைக் கட்டிலின் கால்மாட்டில் போடச் சொல். பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சுக்குப் பேச்சு கழுத்தைத் திருப்புவாய்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு வலி கிளம்பலாம். எனக்கு வந்தபோது ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று உன் அத்தானிடம் சொல்லி அழுதேன். சப்பிப்போயிருந்த இடைவெளியைக் கூண்டு வைத்து உயர்த்தும்போது பின்னாலுள்ள மூட்டுகள் இழுபடுகின்றன. அந்த வலி பலருக்கும் வருகிறது, போய்விடுகிறது. கட்டைவிரல் மரத்திருப்பதும் உடனே போகாது. நெடுநாள் நசுங்கிய நரம்பு மெல்லத்தான் தேறும்.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்காதே. கழுத்து வீங்கிக்கொண்டே போனால், மூச்சு முட்டினால், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போனால், அந்த நிமிடமே 108ஐ அழைக்க வேண்டும். இரவு என்று பார்க்காதே, காலையில் போகலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. கையிலோ காலிலோ புதிதாகப் பலம் குறைந்தாலும், சிறுநீர் கட்டுப்பாடு போனாலும் அப்படித்தான். காய்ச்சலோ, காயத்தில் கசிவோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசு.

கழுத்து அசையாமல் இருக்கக் காலர் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சிலருக்குத் தேவையில்லை என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போடவில்லை என்று நீ கழற்றாதே. திருப்பூர் வெயிலில் அதன் உள்பட்டை வியர்வையில் ஊறிப் போகும். மாற்றுவதற்கு இன்னொரு ஜோடி கேட்டு வாங்கு.

தீபாவளி ரவிக்கைகள் முப்பதுக்கு மேல் வெட்டி வைத்தபடி கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். உன் கை இப்போது வலிக்காது. மெஷின் அருகே போனால் உட்காரத்தான் தோன்றும். ஊசியைப் பார்க்கத் தலை குனியும், மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். உன் கழுத்து இந்த நிலைக்கு வந்ததில் அந்தக் குனிவுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். துணிகளைத் திருப்பிக் கொடுத்துவிடு. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். முன்பணம் வாங்கியிருந்தால் தொகையைச் சொல், நான் அனுப்புகிறேன்.

சனிக்கிழமை இரவு பஸ்ஸில் அம்மாவும் நானும் கிளம்புகிறோம். நம் வீட்டில் அண்ணாந்துதானே குடித்துப் பழக்கம்? எச்சில் படக் கூடாது என்று அம்மா சின்ன வயதில் நம் இருவர் தலையிலும் குட்டியிருக்கிறாள். இப்போது உன்னால் அண்ணாந்து பார்க்கக்கூட முடியாது. எனக்கு ஆபரேஷன் ஆனபோது அவளே ஒரு சின்ன டம்ளரைத் தேய்த்து எடுத்து வந்து, 'வாய் வச்சுக் குடி' என்று நீட்டினாள். அந்த டம்ளரை இன்று பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் துலக்கி, பைக்குள் வைத்துவிட்டாள்.

உன் அக்கா