‘பெரும்பாலானோர் விவசாயிகள்’ என்ற ஒரே வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மாவட்ட அறிமுகத்தில் எங்கள் திருவாரூரைப் பற்றிப் படித்தேன். ஆழித்தேர், கமலாலயக் குளம், சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த ஊர் என்று எல்லாம் வந்திருந்தது, சந்தோஷம். ஆனால் இங்கே வாழ்கிற மக்களைப் பற்றி ‘பெரும்பாலானோர் விவசாயிகள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் உங்கள் செய்தியாளர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் சுமார் 12 லட்சத்து 64 ஆயிரம் பேர். அதில் ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில்தான் இருக்கிறோம், மாநிலமோ அப்போதே பாதிக்குப் பாதி நகரமாகிவிட்டது. பட்டியல் சாதியினர் மாநிலத்தில் நூற்றுக்கு 20 என்றால் எங்கள் மாவட்டத்தில் 34, தமிழ்நாட்டிலேயே அதிகம். இந்த எண்ணை விட்டுவிட்டு இந்த மாவட்டத்தைப் பற்றி என்ன எழுத முடியும்? தலைமுறை தலைமுறையாக இந்த வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லை. மிராசுதார் என்ற பெரிய நிலக்காரரிடம் குடும்பத்தோடு கட்டுண்டு உழைக்கிற பண்ணையாள் முறை இருந்த மண் இது. அதை எதிர்த்துச் சங்கம் கட்டிய பி. சீனிவாசராவ், கன்னடம் பேசும் குடும்பத்திலிருந்து வந்தவர், அவர் நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம் என்றிருந்த நிலை மாறுவதற்கு 1971-இல் தனிச் சட்டமே வரவேண்டியிருந்தது. இவர்களையும் நிலச் சொந்தக்காரரையும் ‘விவசாயி’ என்ற ஒரே பெயரில் எப்படிச் சேர்க்கிறீர்கள்?

அடுத்தது குத்தகைக்காரர்கள். கோயில் நிலமும் மடத்து நிலமும் இங்கே ஏராளம், வெளியூரில் குடியேறிவிட்டவர்களின் நிலமும் அப்படியே. உழுகிறவர் ஒருவர், பட்டா இருப்பது வேறொருவர் பெயரில். வாய்ப்பேச்சுக் குத்தகை என்றால் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. எங்கள் தெருவில் ஒரு அக்கா எட்டு மா (ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரு மா) நிலம் குத்தகைக்குச் செய்கிறார். அறுக்கிற நேரத்தில் மழை பெய்து நெல் வயலிலேயே முளைத்துவிட்டது, முளைத்த கதிரைக் கையில் பிடித்துக்கொண்டே கணக்கெடுக்க வந்தவர்களிடம் காட்டினார். நிவாரணம் வந்தபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை, நிலத்துக்காரர் பெயர் இருந்தது. அந்த வருஷம் விதை, உரம், மருந்து, வண்டி வாடகை எல்லாவற்றுக்கும் வெளியே கடன் வாங்கியது அந்த அக்கா. அரசு நெல் வாங்குகிற கொள்முதல் நிலையத்திலும் இதே கதைதான், நெல் போட வேண்டுமென்றால் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் சான்று வேண்டும், நிலத்துக்காரர் மனசு வைத்தால்தான் அதுவும் நடக்கும்.

பெண்களைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ஆயிரம் ஆணுக்கு 1,017 பெண்கள் இருக்கிற மாவட்டம் இது. பையன்கள் திருப்பூர், சென்னை, கேரளம், வளைகுடா என்று போய்விடுவதும் அதற்கு ஒரு காரணம். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, பொதக்குடிப் பக்கம் பல முஸ்லிம் குடும்பங்களில் சிங்கப்பூர், மலேசியா போய்ச் சம்பாதிப்பது தாத்தா காலத்திலிருந்து வருகிற வழக்கம். அப்புறம் வயலில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள், நாற்பது ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள்தான். அவர்களுக்கும் வேலை நாட்கள் குறைந்துகொண்டே போகின்றன. அறுவடை முழுக்க இயந்திரத்துக்குப் போய்விட்டது, நேரடி விதைப்பு வந்ததால் நடவும் குறைகிறது, மிச்சமிருக்கிற நடவுக்குச் சில இடங்களில் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களும் பிழைக்கத்தான் வருகிறார்கள். ஆனால் அவர்களும் இன்று இந்த மாவட்டத்து வயலில் நிற்கிறவர்கள், எந்த அறிமுகத்திலும் அவர்கள் வருவதில்லை.

நான் மேலே சொன்ன எண்கள் எல்லாமே 2011-இல் எடுத்தவை. 2021-இல் வரவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள், சாதிவாரியாகவும் எடுக்கப் போகிறார்கள். இடையில் 2018-இல் கஜா புயல் வந்து முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் தென்னையைச் சாய்த்து எத்தனையோ குடும்பங்களைப் புரட்டிப் போட்டது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமும் வந்தது, வரவேற்கிறேன். அந்தச் சட்டம் நிலத்தைக் காப்பாற்றும், நிலமில்லாதவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று உங்களைப் போன்ற பத்திரிகைகள்தான் கேட்க வேண்டும்.

உங்கள் செய்தியாளர் மறுபடி வருவதாக இருந்தால் சம்பா அறுவடை நேரத்தில், தை மாதத்தில் வரட்டும். தேர் நிற்கிற வீதியோடு திரும்பிவிடாமல் கொரடாச்சேரி, கோட்டூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கொள்முதல் நிலையத்தில் ஒரு பகல் உட்காரட்டும். நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல், எடுக்க முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்று காத்திருக்கிறவர்களிடம், நிலம் யாருடையது, சாகுபடி யாருடையது, கடன் யார் பெயரில் என்று மூன்றையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.