கண்ணீர் வராத தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஸ்தோத்திரம். தேவன் கூட இருப்பதை எப்படி இன்னும் ஆழமாக உணர்வது என்று நீ கேட்டிருப்பது "ஜெபிக்கிறேன்" என்று ஒரு வரியில் பதில் போட்டு முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் இவ்வளவு தாமதம். உன்னைப்போலவே கேட்கிறவர்கள் வேறு பலரும் இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை, கவலைப்படாதே.

"ஆராதனையில் சுற்றி நிற்கிற எல்லோரும் அழுகிறார்கள், எனக்குக் கால் வலிப்பது மட்டும்தான் தெரிகிறது" என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் சிரித்துவிட்டேன், தப்பாக நினைக்காதே. உணராததையும் உணர்ந்ததாகச் சாட்சி சொல்கிறவர்கள் நம் நடுவில் கொஞ்சம் அதிகம். நீ அப்படிச் செய்யவில்லை. உன் ஜெபம் இந்த உண்மையிலிருந்தே தொடங்கலாம்.

தேவ பிரசன்னத்தை, அதாவது அவர் நம்மோடு இருப்பதை, இன்னும் ஆழமாக அனுபவிக்கவேண்டும் என்கிற உன் ஆசையை, "உணர்ச்சியெல்லாம் முக்கியமில்லை, விசுவாசம் போதும்" என்று யாராவது தட்டிக்கழித்தால் காதில் போட்டுக்கொள்ளாதே. யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். ஒருவன் தன் சிநேகிதனோடு பேசுவதுபோலக் கர்த்தர் மோசேயோடு முகமுகமாய்ப் பேசினார் என்று இருக்கிறது. அதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? ஆனால் அதே அதிகாரத்தில், உம்முடைய சமுகம், அதாவது பிரசன்னம், கூட வராவிட்டால் எங்களை இங்கிருந்து கொண்டுபோகவே வேண்டாம் என்று மோசே அடம்பிடிக்கிறார். அது கிடைத்த பிறகும் விடாமல், "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று கேட்கிறார். கிடைக்கக் கிடைக்கத் தாகம் கூடுகிறது. கர்த்தர் அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

ஆக, கேள். தாராளமாகக் கேள். ஆனால் உன் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது: "எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அப்படியென்றால் அவர் என்னோடு இல்லை என்றுதானே அர்த்தம்?" இங்கேதான் உன்னோடு சண்டை போடவேண்டியிருக்கிறது.

யாக்கோபு தகப்பனை ஏமாற்றிவிட்டு, அண்ணன் கொன்றுவிடுவானோ என்று ஓடிக்கொண்டிருந்த ஆள். பொழுது சாய்ந்ததால் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தான். படுக்கும்முன் ஜெபித்ததாகக்கூட எழுதப்படவில்லை. கனவில் கர்த்தரைக் கண்டு விழித்ததும் என்ன சொன்னான்? "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்." அவன் படுத்தபோதும் கர்த்தர் அங்கே இருந்தார். எம்மா என்கிற கிராமத்துக்குப் போன சீஷர்கள் இரண்டு பேரும் அப்படித்தான். உயிர்த்தெழுந்த இயேசு கூடவே நடந்து வேதவாக்கியங்களை விளக்கிக்கொண்டு வருகிறார், இவர்களோ யாரோ ஒரு வழிப்போக்கன் என்று நினைத்து, எருசலேமில் நடந்தது உமக்குத் தெரியாதா என்று அவரிடமே கேட்கிறார்கள். அப்பத்தைப் பிட்டபோது கண் திறந்தது. உடனே அவர் மறைந்தும் போனார். வழியில் நம் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று பேசிக்கொண்டதெல்லாம் அதற்குப் பிறகு. மோசேயையே எடுத்துக்கொள். மலையில் நாற்பது நாள் இருந்துவிட்டு இறங்கி வரும்போது முகம் பிரகாசிக்கிறது. கீழே நின்றவர்களுக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு ஆளும் வேதத்தில் இருக்கிறான். சிம்சோன். கர்த்தருக்கென்று வெட்டாமல் விட்ட முடியோடு பெரும்பலம் பெற்றிருந்தவன். தலைமயிர் சிரைக்கப்பட்ட பிறகு, எப்போதும்போல உதறிப்போட்டு வெளியே போவேன் என்று எழுந்தான். கர்த்தர் தன்னைவிட்டு விலகினதை அவன் அறியவில்லை. நியாயாதிபதிகள் 16ஐ வாசிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கும். உணராதவர்களோடு அவர் இருந்திருக்கிறார். எல்லாம் நன்றாக இருப்பதாக உணர்ந்தவனோடு அவர் இல்லை. பிறகு எதை வைத்து அழுகையையும் உடல் சிலிர்ப்பையும் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம்?

பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கல் உனக்குப் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகம், அழுத்தத்தின் அலகுக்கு அவர் பெயர்தான். 1654 நவம்பர் 23ஆம் தேதி இரவு, சுமார் பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை மணிவரை அவருக்கு ஒரு தேவ அனுபவம் உண்டானது. அதை உடனே எழுதி வைத்தார். தேதி, நேரம், அப்புறம் தனி வரியில் "நெருப்பு" என்கிற ஒரே சொல். அதற்குக் கீழே, தத்துவ ஞானிகளின் தேவன் அல்ல, ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று போகிறது. சந்தோஷக் கண்ணீர் என்றும் அதில் இருக்கிறது. அதைத் தோல்தாளில் பிரதி எடுத்துத் தன் மேலங்கியின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662இல், 39 வயதில் அவர் இறந்த பிறகு வேலைக்காரர் ஒருவர் தற்செயலாகக் கண்டுபிடிக்கும்வரை அது யாருக்கும் தெரியாது. இன்றைக்கானால் மறுநாள் காலையே ஸ்டேட்டஸில் வந்திருக்கும், அதை விடு. என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அந்தத் தையல்தான். அந்த இரண்டு மணி நேரத்தைத் திரும்ப வரவழைக்கவேண்டும் என்று அவர் ஒரு கூட்டம் ஆரம்பிக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டு எட்டு வருஷம் வியாதியோடும் வேலையோடும் வாழ்ந்தார். அந்தத் தாளிலேயே, நான் அவரை விட்டுப் பிரிந்திருந்தேன், இனி ஒருபோதும் பிரியாதிருப்பேனாக என்கிற கலக்கமும் இருக்கிறது. நெருப்பைக் கண்ட ராத்திரியிலேயே அந்தப் பயமும் கூடவே இருந்திருக்கிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதையை நீ பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். 1738 மே 24ஆம் தேதி லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் இருதயம் விசித்திரமாக அனல்கொண்டது. பெரும்பாலும் கதையை அத்தோடு நிறுத்திவிடுவார்கள். அன்றைய தினக்குறிப்பில் வெஸ்லி தொடர்ந்து எழுதுகிறார்: கொஞ்ச நேரத்துக்குள், "இது விசுவாசமாக இருக்கமுடியாது, உன் சந்தோஷம் எங்கே?" என்று சத்துருவாகிய பிசாசு கேட்டானாம். நீ என்னிடம் கேட்டது கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

மேடையில் இசை ஏறுவது, விளக்கைக் குறைப்பது, ஒரே வரியை இருபது முறை பாடுவது இவற்றையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. எலிசா தீர்க்கதரிசியே சுரமண்டல வாத்தியக்காரன் ஒருவனை அழைத்துவரச் சொன்னார். ஆனால் கீபோர்டு நின்றதும் அந்த உணர்வு போய்விடுகிறது என்றால், வந்தது கீபோர்டோடு வந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

மத்தேயு 25இல் ஒரு இடம் உண்டு. ராஜா வலதுபக்கம் நிற்பவர்களிடம், நான் பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள் என்கிறார். அவர்களோ ஆச்சரியத்தோடு, ஆண்டவரே, எப்பொழுது உம்மைக் கண்டோம் என்று கேட்கிறார்கள். வாழ்க்கையில் கிறிஸ்துவுக்கு மிகப் பக்கத்தில் நின்ற நேரங்களில் அவர்களுக்கு எந்தச் சிலிர்ப்பும் இல்லை. எதிரே ஒரு பசித்த ஆள், கையில் சாப்பாடு, அவ்வளவே. அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருஷம் கழித்து 2007இல் வெளியானபோது உலகமே அதிர்ந்தது. பல பத்தாண்டுகளாகத் தேவன் இருப்பதாகவே உணரமுடியாத இருளில் இருந்திருக்கிறார். அந்த இருளோடுதான் தினமும் எழுந்து, சாகக்கிடக்கிறவர்களைக் கழுவப் போயிருக்கிறார். வேஷம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உணர்வு கூலியாகக் கிடைக்காதபோதும் வேலையை விடாததற்கு நேசம் என்பதைத் தவிர வேறு பெயர் தெரியவில்லை.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்கிறாய்.

முதலில் தூங்கு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாகவேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தவரை மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில். இரவு ஒரு மணிவரை போனைப் பார்த்துவிட்டு விடியற்காலை ஜெபத்தில் ஒன்றும் தோன்றவில்லை என்றால், அதற்கு ஆவிக்குரிய காரணம் தேடவேண்டாம்.

அப்புறம், சங்கீதங்களை வாய்விட்டு வாசி. உற்சாகமானவற்றை மட்டும் பொறுக்கி எடுக்காதே. 88ஆம் சங்கீதத்தை வாசி. புலம்பலாகவே போய், ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் முடிகிறது. ஆனால் முழுவதும் அவரைப் பார்த்தே பேசுகிறது. "நீர் ஏன் முகத்தை மறைக்கிறீர்" என்று ஒருவரிடம் கேட்கவேண்டுமானால் அவர் கேட்கிற தூரத்தில் இருக்கிறார் என்று நம்பித்தான் கேட்கமுடியும். உன் வெறுமையையும் அவரிடமே சொல், என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில்.

பகல் நேரத்தையும் விட்டுவிடாதே. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றின் சமையற்கட்டில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸுக்குச் சமையல் வேலை இயல்பாகவே பிடிக்காது. அங்கேயே, பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவே, ஆண்டவரோடு சின்னச் சின்னதாகப் பேசிப் பழகினார். முழங்காலில் நிற்கும் நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் தனக்கு வித்தியாசமில்லை என்கிற அளவுக்கு வந்தார். அதை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டுவார்கள். முதல் பத்து வருஷம் மிகவும் அவதிப்பட்டேன் என்றும் அவரே எழுதியிருக்கிறார். நீ ஆரம்பித்து ஒரு வாரத்தில் என்னிடம் முறையிடாதே.

கடைசியாக, நீ போகிறபோக்கில் எழுதிய ஒன்று. அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தாய். உன் வறட்சிக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். யோபு துன்பப்பட்டபோது அவருடைய சிநேகிதர்கள் அப்படித்தான் காரணம் கண்டுபிடித்துக் கெட்டார்கள். ஆனால் யோவான் 14இல், என் வசனத்தைக் கைக்கொள்ளுகிறவனிடத்தில் நாங்கள் வந்து வாசம்பண்ணுவோம் என்கிறார் ஆண்டவர். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்றும் அவரே சொல்லியிருக்கிறார். பிரசன்னத்தைத் தேடுகிறவன் அந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகமுடியாது.

உபவாச ஜெபத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். போ. கால் வலித்தால் உட்கார்ந்துகொள், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். அழுகை வந்தால் அழு, வராவிட்டால் பக்கத்தில் அழுகிறவருக்காக ஜெபி. ஆனால் கிளம்பும்முன் அண்ணனுக்கு ஒரு போன் போட்டுவிடு.

கிறிஸ்துவுக்குள்,
உன் அக்கா